வீட்டுக்குப் புதிதாக வந்தவர்

துபாய் தேய்ரா கடைத்தெருவில் அப்துல் ரசாக்கின் மூக்குக்கு ஒரு மரியாதை இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆள் உள்ளே நுழையும்போதே அவருக்கு ஊது என்னும் அகில் வாசனை பிடிக்குமா, ரோஜா பிடிக்குமா, கஸ்தூரி பிடிக்குமா என்று ரசாக் கண்டுபிடித்துவிடுவார். குப்பி துடைக்கும் வேலைக்குச் சேர்ந்த அதே அத்தர் கடையில், அரபிகள் பேர் சொல்லித் தேடி வரும் ஆளாக வளர்ந்தார். முட்டி வலியும் இரண்டு பெரிய பெட்டிகளுமாக அவர் தேங்காப்பட்டணத்துக்குத் திரும்பியபோது ஐம்பத்தெட்டு வயது ஆகியிருந்தது. இனிப் போவதில்லை என்று முடிவெடுத்துத்தான் வந்தார்.

வீடு அவர் கட்டியது. ஒவ்வொரு தளமாக, ஒவ்வொரு விடுமுறையாகக் கட்டியது. ஆனாலும் வந்த புதிதில் விளக்கைப் போடப் போய் மின்விசிறியைப் போட்டார். சீனி டப்பாவைத் தேடி எல்லா டப்பாவையும் திறந்தார். குளியலறைத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் விழும் என்பது அவருக்குத் தெரியாது. மனைவி மும்தாஜ் பேகம் வெளியிலிருந்து சொல்லிக்கொடுத்தார்.

அந்த வீட்டில் மும்தாஜோடு ஒரு பூனையும் இருந்தது. மகள் சஃப்னா கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு மழைநாளில் பேருந்து நிறுத்தத்து ஓடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த குட்டி. நன்னாரி சர்பத்தின் நிறத்தில் வரி வரியாக இருந்ததால் அதற்கு நன்னாரி என்றே பேர் வைத்தாள். பிறகு சஃப்னாவைத் திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பூனை அவள் உம்மாவோடு தங்கிவிட்டது. வீடியோ அழைப்பில் ரசாக் தினமும் அதையும் பார்ப்பார், நலம் விசாரிப்பார். அவர் விடுமுறைக்கு வரும்போது மட்டும் அது கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஒரு மாதம்தானே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தமுறை மாதம் கழிந்தும் அவர் போகவில்லை.

முதலில் நனைந்தது அவருடைய பெட்டி. திறந்து வைத்திருந்த பெட்டிக்குள், மடித்து வைத்த வெள்ளைச் சட்டைகளின் மேல் நன்னாரி மூத்திரம் பெய்துவிட்டிருந்தது. பூனைக்குப் புது இடமாகத் தோன்றியிருக்கும் என்று மும்தாஜ் சமாதானம் சொல்லித் துவைத்துப் போட்டார். அடுத்தது அவருடைய செருப்பு. அதற்கடுத்து, கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்துத் தலையணை. மும்தாஜின் தலையணை அருகிலேயே உலர்ந்து கிடந்தது. பின்புற வராந்தாவில் கடல்மணல் நிரப்பிய பேசின் ஒன்று அதற்கென்றே உண்டு. குட்டியாக இருந்த நாள்முதல் அது தவறியதே இல்லை. இப்போது அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டது.

ரசாக் கைப்பேசியில் தேடினார். ஒருவர் வினிகர் தெளிக்கச் சொன்னார், இன்னொருவர் ஆரஞ்சுத் தோலைப் பரப்பச் சொன்னார். இரண்டையும் செய்தார். நாற்றம் போகாததால் தன் கைவசம் இருந்த ஊது அத்தரை எடுத்து மெத்தையிலும் திரைச்சீலையிலும் தொட்டுத் தொட்டு வைத்தார். வீடு தேய்ரா கடையைப் போல மணத்தது. நன்னாரி அலமாரியின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சாப்பிடக்கூட இறங்க யோசித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும் நேரத்தில் தொழுகை விரிப்பான முசல்லாவும் நனைந்து கிடந்தது. ரசாக்குக்குத் தாங்கவில்லை. மீன் விற்க வந்தவர் ஏற்கெனவே ஒரு வழி சொல்லியிருந்தார். சாக்கில் கட்டித் துறைமுகத்தில் கொண்டு விட்டால் போதும், அங்கே மீனுக்குப் பஞ்சமில்லை, பிழைத்துக்கொள்ளும். ரசாக் அதை அன்று வாய்விட்டுச் சொன்னார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் மும்தாஜ் சண்டை போடவில்லை. முசல்லாவை எடுத்து வாளியில் போட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"சஃப்னா போன பெறவு இந்த வீட்டுல என்னோட மூச்சு விட்டுட்டு இருந்தது அது ஒண்ணுதான். கொண்டு விடணும்னா விடுங்கோ. எனக்க கையால சாக்கு எடுத்துத் தர மாட்டேன்."

ரசாக் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். திரும்பி வந்தபோது மும்தாஜ் குளியலறை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தரை ஓட்டில் நன்னாரி விட்டிருந்த சில சொட்டுகள் இளஞ்சிவப்பாக இருந்தன. பூனை ஒரு மூலையில் கூனிக்கொண்டு நின்று மறுபடி மறுபடி முக்கியது. சொட்டுக்கு மேல் எதுவும் வரவில்லை. ரசாக் குனிந்து பார்த்தார். கோபத்தோடு வைத்திருந்த கணக்கெல்லாம் அந்த இடத்திலேயே கலைந்துபோயிற்று.

"இது சேட்டையில்ல கேட்டியா. இதுக்கு வலிக்குது," என்றார்.

மார்த்தாண்டத்தில் மேம்பாலம் தாண்டி, ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் கால்நடை டாக்டர் அஸ்வதியின் சிகிச்சைக்கூடம் இருந்தது. துணிக்கூடைக்குள் நன்னாரியை வைத்து, மேலே துப்பட்டாவைக் கட்டி, ரசாக்கே வண்டி ஓட்டிக்கொண்டு போனார். ஹார்ன் சத்தம் கேட்கும்போதெல்லாம் கூடைக்குள்ளிருந்து முனகல் வந்தது. காத்திருக்கும் இடத்தில் இனயத்துக்காரர் அல்போன்ஸ், தவிட்டு நிறத்தில் பெரிய நாய் ஒன்றோடு உட்கார்ந்திருந்தார். விசைப்படகுத் தொழிலாளி. கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறப்போகிறது, வெடிச்சத்தம் கேட்டால் இது படகுக்கடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது, போன வருஷம் காலைக் கிழித்துக்கொண்டது, அதனால் இந்தமுறை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வந்தேன் என்று சொன்னார். அவ்வளவு பெரிய நாய் வெடிக்குப் பயப்படும் என்பதை ரசாக் அன்றுதான் அறிந்தார்.

அஸ்வதி குழித்துறைக்காரர். முப்பது வயது சொல்லலாம். நன்னாரியை மேசைமேல் வைத்து வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார். மூத்திரத்தை ஊசியால் எடுத்துச் சோதித்தார். கல் இல்லை, கிருமியும் இல்லை. மூத்திரப்பை மட்டும் உள்ளே புண்பட்டு வீங்கியிருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். என்ன சாப்பிடும், எவ்வளவு தண்ணீர் குடிக்கும், எங்கே தூங்கும், கருத்தடை ஆபரேஷன் செய்ததா. மும்தாஜ் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"வீட்டுல புதுசா என்னமாவது மாற்றம் உண்டா? வேற பூனை, கட்டட வேலை, புது ஆளு?"

மும்தாஜ் கூடையில் கட்டியிருந்த துப்பட்டாவின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். ரசாக்குக்கு அப்போதுதான் புரிந்தது.

"நான் வந்தேன், டாக்டர்," என்றார்.

அஸ்வதி சிரிக்கவில்லை. அதுவே ரசாக்குக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவர் எப்போது வந்தார், எந்த நேரத்தில் எழுந்திருக்கிறார், வீட்டில் எங்கெங்கே உட்காருகிறார் என்று அக்கறையாகக் கேட்டார். சில பூனைகளுக்கு மனசு கலங்கினால் அது மூத்திரப்பையில் போய்த் தாக்கும் என்று விளக்கினார். மூத்திரம் போகும்போது எரிவதால், எரிச்சல் வந்த இடத்தின்மேல் பழியைப் போட்டு மணல் பேசினை வெறுத்துவிடும். மெத்தென்று இருக்கும் துணியைத் தேடிப் போகும். அறிமுகமில்லாத வாசனை அடிக்கும் பொருளின்மேல் தன் வாசனையைப் போட்டு மனசை ஆற்றிக்கொள்ளப் பார்க்கும். பேசிக்கொண்டே வந்தவர் மூக்கைச் சற்றுச் சுளித்தார்.

"சார் அத்தர் போட்டிருக்கீங்க இல்லியா?"

ஊது என்றார் ரசாக், கொஞ்சம் பெருமையாகவே. மெத்தையிலும் திரைச்சீலையிலும் வைத்த கதையையும் சொன்னார்.

"நமக்கே இங்க வரை மணக்குது. அதுக்க மூக்குக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கொஞ்ச நாள் நிறுத்திப் பாப்போமா?"

வலிக்கு மருந்து கொடுத்தார். உலர்ந்த தீனியைக் குறைத்து ஈரமான உணவு கொடுக்கவும், வீட்டில் பல இடங்களில் தண்ணீர் வைக்கவும், இன்னொரு மணல் பேசினை வேறொரு அறையில் வைக்கவும் சொன்னார். சாப்பாட்டை இனி ரசாக்தான் வைக்க வேண்டும், தினமும் ஒரே நேரத்தில். வைத்துவிட்டுத் தள்ளி உட்கார வேண்டும். கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது, தூக்கப் போகக் கூடாது, அதுவாக வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் இருமுறை சொன்னார். ஆண் பூனை, மூத்திரக் குழாய் குறுகல். முக்கியும் ஒரு சொட்டும் வராமல் போனால் ஆபத்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அப்போதே கொண்டுவந்துவிட வேண்டும்.

அத்தரை நிறுத்துவதுதான் ரசாக்குக்குக் கடினமாக இருந்தது. வயது வந்த நாளிலிருந்து வாசனை இல்லாமல் அவர் வெளியே இறங்கியதில்லை. சட்டை போடாமல் நடப்பதைப் போலக் கூசினார். பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர், உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று விசாரித்தார். குப்பிகளையெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கி மாடி அறையில் வைத்துப் பூட்டினார். திரைச்சீலைகளைத் துவைத்தார். மெத்தையை மொட்டைமாடியில் வெயிலில் போட்டார். கடற்கரைக்குப் போய் இரண்டாவது பேசினுக்கு மணல் அள்ளி வந்தார். கரையில் நின்ற தெரிந்தவர்கள், வீட்டில் கட்டட வேலையா என்று கேட்டார்கள். பூனைக்குக் கக்கூஸ் என்று ரசாக் நிஜத்தைச் சொன்னார்.

சாளை மீனை அவித்து, முள்ளெடுத்து, அந்தத் தண்ணீரையும் சேர்த்துத் தட்டில் வைப்பார். சமையலறைத் தரையில் காலை நீட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்காருவார். முதலில் நன்னாரி அலமாரியை விட்டு இறங்கவே இல்லை. பிறகு அவர் எழுந்து போனதும் வந்து தின்றது. பிறகு அவர் இருக்கும்போதே வந்தது, ஆனால் ஒரு காது அவர் பக்கமே திரும்பியிருந்தது. ரசாக் பொறுமைசாலி. பத்துக் குப்பியை மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடம் முகம் மாறாமல் நின்ற அனுபவம் அவருக்கு உண்டு.

அப்படிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நேரங்களில் அவருக்கு வேறு சிலதும் கண்ணில் பட்டன. மும்தாஜ் பாலில்லாத கட்டன்சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவார், அவர் போட்ட தொலைக்காட்சிச் சத்தம் கேட்டதும் திரும்பி வந்துவிடுவார். மதியம் கொஞ்சம் சாய்வதற்குப் போவார், அவர் ஏதாவது கேட்டதும் எழுந்து வருவார். ஒருநாள் மும்தாஜ் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது ரசாக் தரையில் இருந்தபடியே கேட்டார்.

"ஏட்டி, நான் வந்தது உனக்கும் கஷ்டமாட்டு இருக்கா?"

மும்தாஜ் குழாயை மூடினார். "கஷ்டம்னு இல்ல. எனக்குன்னு ஒரு சிட்டை, ஒரு ஒழுங்கு உண்டும் இல்லியா. காலத்த எழும்பிச் சாயா போட்டு, முற்றத்துல இருந்து பூனைகிட்ட நாலு வார்த்தை பேசுவேன். இப்ப நீங்க டிவியப் போடுதிய. நான் பேசுத சத்தம் எனக்கே கேக்கல்ல."

"சொல்லியிருக்கலாம் இல்லியா?"

"வாருங்கோ வாருங்கோன்னு இத்தனை வருசம் போன்ல சொல்லிட்டு, வந்த பெறவு எப்படிச் சொல்ல?"

சொல்லிவிட்டு மும்தாஜ் சிரித்தார். ரசாக்கும் சிரித்தார். அடுத்த நாளிலிருந்து காலையில் தொலைக்காட்சி கிடையாது என்று ஆயிற்று. அவர் சாயாவை எடுத்துக்கொண்டு முற்றத்தில் மும்தாஜுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பேச்சு எல்லாம் பூனையிடம்தான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தேங்காய் போடுகிறவர் வராதது, பக்கத்து வீட்டுக் கல்யாணம், சஃப்னா போனில் சொன்னது என்று துபாயில் இருந்தபோது தொலைபேசியில் அவருக்கு வராத செய்திகள் எவ்வளவோ அதில் இருந்தன.

நன்னாரி மணல் பேசினுக்குத் திரும்பியது. சிவப்பு நின்றது. மாதக்கணக்கில் ஒரு துணியும் நனையவில்லை.

சஃப்னா ஏழாம் மாதக் கர்ப்பத்தில் இருந்தபோது மும்தாஜ் ஒரு வாரம் திருவனந்தபுரத்துக்குப் போனார். மும்தாஜ் கிளம்பிய மூன்றாம் நாள் காலையில் நன்னாரி சாளையைத் தொடவில்லை. பேசினில் ஏறியது, முக்கியது, இறங்கியது. மறுபேசினில் ஏறியது. மணல் காய்ந்தே கிடந்தது. ரசாக் பக்கத்திலேயே நின்று பார்த்தார். அது அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டது, அதுவரை அவர் கேட்டிராத சத்தம். அஸ்வதி இருமுறை சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது.

வண்டி ஓட்டிக்கொண்டு பூனையையும் பார்க்க முடியாது என்று தெரு முனையிலிருந்து சிஜினின் ஆட்டோவை வரவழைத்தார். கைலியை மாற்றக்கூட நிற்கவில்லை. பாதி வழியில் நன்னாரி கூடையின் துப்பட்டாவை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. கீழே சாடிவிடும் என்று பயந்து ரசாக் கையை நீட்டினார். அது சாடவில்லை. அவர் மடியில் ஏறி, முகத்தை அவர் முழங்கை மடிப்புக்குள் புதைத்துக்கொண்டு கனமாகப் படுத்தது. அவரை அது தொட்டது அதுவே முதல்முறை. ரசாக் அசையாமல் இருந்தார். பள்ளத்தில் இறக்காமல் ஓட்டு மக்கா என்று சிஜினிடம் மட்டும் சொன்னார்.

அஸ்வதி மயக்க ஊசி போட்டு, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை எடுத்தார். சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், மாலைவரை விட்டிருந்தால் கையை விட்டுப் போயிருக்கும் என்றார். இரண்டு மூன்று நாள் அங்கேயே கூண்டில் வைத்திருக்க வேண்டியிருந்தது. யார் எதை வைத்தாலும் நன்னாரி தின்னவில்லை. ரசாக் வீட்டிலிருந்து அவித்த சாளையைக் கொண்டுவந்து, கூண்டுக்குப் பக்கத்தில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்தபோது தின்றது. அதன்பிறகு காலையும் மாலையும் அவருக்கு அங்கே ஒரு நாற்காலி போட்டு வைத்தார்கள். காத்திருக்க வருகிறவர்கள் அவரை அங்கே வேலை பார்க்கிறவர் என்று நினைத்து, கிளிக்கு இறகு கொட்டுவதையும் நாய் காதைச் சொறிவதையும் அவரிடம் சொன்னார்கள். டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, அதுவரை பேச்சுத்துணையாக இருந்தார்.

மும்தாஜிடம் ஆபத்து நீங்கிய பிறகுதான் சொன்னார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று மும்தாஜ் கோபப்பட்டார், அழுதார். பிறகு குரல் தெளிந்தது.

"நீங்க வல்லதும் சாப்பிட்டியளா?"

"சாளைதான். அதுக்கு வச்சதுல மிச்சம்."

வாரம் முடிந்து மும்தாஜ் வீடு வந்தபோது நன்னாரி ஓடிவந்து காலைச் சுற்றியது. சுற்றி முடித்துவிட்டு, சாய்வு நாற்காலியில் இருந்த ரசாக்கின் மடியில் போய் ஏறிக்கொண்டது. மும்தாஜ் பையைக்கூடக் கீழே வைக்காமல் அதைப் பார்த்தார். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான் என்று பிறகு மகளிடம் சொன்னாராம். ரசாக் பழையபடி வெள்ளிக்கிழமைகளில் அத்தர் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார், ஊதை விட்டுவிட்டு மெல்லிசான ரோஜாவை, வாசலுக்கு வெளியே நின்று.

சஃப்னாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் தேங்காப்பட்டணத்துக்கு வந்து சில மாதம் இருக்கப்போகிறார்கள் என்று ஆனதும், ரசாக் முதலில் போன் செய்தது அஸ்வதிக்கு. வீட்டுக்குப் புது ஆள் வருகிறது, இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும் என்று கேட்டார். அஸ்வதி சொன்னபடி நன்னாரியின் தட்டையும் படுக்கையையும் முன்னறையிலிருந்து மெதுவாகப் பின்னறைக்கு நகர்த்தினார். கைப்பேசியில் குழந்தை அழும் சத்தத்தைச் சின்னதாக வைத்துக் கேட்கவிட்டார். பேத்தியைப் பார்க்கத் திருவனந்தபுரம் போனவர், பிள்ளையைச் சுற்றிய துணி ஒன்றைத் துவைக்காமல் பையில் வைத்துக் கொண்டுவந்தார். அதை எதற்கு எடுக்கிறீர்கள் வாப்பா என்று சஃப்னா கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் கணவனின் உம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

துணியை நன்னாரியின் படுக்கைக்குப் பக்கத்தில் விரித்தார். அது நெடுநேரம் மோந்து பார்த்தது, தும்மியது, பிறகு ஓரத்தில் முன்னங்காலை மட்டும் வைத்துப் படுத்தது.

பிள்ளை வந்த அன்று வீடு நிறைய ஆட்கள். நன்னாரி அலமாரியின் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தது. கூட்டம் கலைந்த பிறகு இறங்கி வந்து, தரையில் விரித்த மெத்தையின் விளிம்பை மோந்தது. சஃப்னா அதைத் தூக்கக் கையை நீட்டினாள்.

"நீ அதைப் பாக்காத மக்கா. பேசாம இரு. அதுவா வரட்டும்," என்றார் ரசாக்.

"நான் தூக்கிட்டு வந்த பூனைக்கு எனக்கே பாடமா வாப்பா," என்றாள் சஃப்னா.

ஆனாலும் கையை எடுத்துக்கொண்டாள். நன்னாரி மெத்தையைச் சுற்றி ஒரு நடை நடந்து, பிள்ளையின் கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் உட்கார்ந்து உடம்பை நக்க ஆரம்பித்தது. மும்தாஜ் சமையலறையிலிருந்து எல்லோருக்கும் சாயா கொண்டு வந்தார்.